ஐந்து வரிக்கு ஒரு பிழை

கோவை
9.2.2025

அன்புள்ள அப்பிச்சிக்கு,

எழில் எழுதுகிறேன். வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ராத்திரியில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா?

இதைப் புவனா அக்காதான் படித்துச் சொல்வார் என்று தெரியும். அக்கா, போஸ்ட் ஆபீஸ் வேலைக்கு நடுவில் தொந்தரவுதான், மன்னியுங்கள். அப்பிச்சிக்குப் போனில் பேசினால் காதில் விழுவதில்லை. இங்கே எங்கள் போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பயிற்சி முடியும்வரை கவனம் சிதறக் கூடாதாம்.

விளாங்குறிச்சியைத் தாண்டி ஒரு மூன்று மாடிக் கட்டடம். இருபத்து மூன்று பேர் படிக்கிறோம். தங்குவது, சாப்பாடு எல்லாம் இலவசம். நடத்துகிறவர் பெயர் சென்னகிருஷ்ணன். யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறார். மூன்று மாதம் முடிந்ததும் வெளிநாட்டில் வேலை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களோடு எழுத்திலேயே பேச வேண்டும், அவ்வளவுதான். என் அறையில் சண்முகப்பிரியா என்று ஒரு பெண். தாராபுரம். அம்மா மட்டும்தான், தையல் வேலை. என்னைப் போலத்தான்.

அப்பிச்சி, காலேஜில் என்னை எது தோற்கடித்ததோ அதிலேதான் இங்கே வகுப்பு தொடங்கியிருக்கிறது. நம் ஆட்கள் ஆங்கிலத்தில் வழக்கமாகத் தப்புவிடும் இருநூறு சொற்களை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். செப்பரேட் என்ற சொல்லின் நடுவில் ஏ வர வேண்டும். நான் இத்தனை வருஷமும் ஈ போட்டிருக்கிறேன். நிறைய என்ற பொருளில் அலாட் என்று ஒரே சொல் கிடையவே கிடையாதாம், பிரித்துத்தான் எழுத வேண்டுமாம். பொள்ளாச்சிக் கம்பெனியில் என் விண்ணப்பத்தில் சிவப்பு மையால் நாலு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இனிமேல் எவனும் வட்டம் போட முடியாது.

சாப்பிடாமல் படுக்காதீர்கள்.

உங்கள் பேத்தி,
எழில்

*

ஆனைமலை
17.2.2025

எழில் கண்ணுக்கு,

உன் அப்பிச்சி மாசாணம் சொல்ல, புவனா எழுதுவது. நான் இருக்கிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ சளி பிடிக்காமல் இரு.

நாலு வட்டம் இல்லை கண்ணு, ஐந்து. ஐந்தாவது, தாளின் கீழே உன் கையெழுத்துக்குப் பக்கத்தில். எனக்கு எழுத்துத் தெரியாது, வட்டம் தெரியும். அன்றைக்கு நீ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தத் தாளை எட்டாக மடித்தாய். சுங்கம் ஸ்டாப்பில் ஒரு பூக்காரி ஏறினாள். அதுவரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தாய்.

நீ எழுதியதைப் புவனா அம்மணி இரண்டு தடவை படித்தாள். எனக்கு ஒரு தடவை போதும், அவள்தான் நம்பாமல் மறுபடி படித்தாள். "சோறும் போட்டு, படிப்பும் சொல்லிக் குடுத்து, காசும் வாங்காம அனுப்பறாங்களா? எங்க ஊட்டுப் பையனையும் சேத்துக்குவாங்களான்னு கேளுங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மாட்டுக்குக்கூட ஒருவன் சும்மா தீவனம் போடமாட்டான், கண்ணு. அந்த சார் யாரிடம் காசு வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டு எழுது. சண்டைக்குக் கேட்காதே. தெரியாத பிள்ளை மாதிரி கேள்.

அந்தத் தாராபுரத்துப் பிள்ளைக்கும் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு, கைநாட்டு வைத்து,
மாசாணம்

(எழில், வட்டத்தைப் பற்றி அவர் சொன்னது எல்லாம் சரியா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. - புவனா)

*

கோவை
9.3.2025

அன்புள்ள அப்பிச்சிக்கு,

வணக்கம். கண்ணில் புரை விழுந்திருப்பதாகப் புவனா அக்கா தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை? வெயிலில் நடக்க வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது, வகுப்பு நேரத்தைக் கூட்டிவிட்டார்கள்.

வட்டம் ஐந்துதான். தாளை எடுத்துப் பார்த்தேன்.

காசு எங்கிருந்து என்று கேட்டேன். வெளிநாட்டுக் கம்பெனி தலைக்கு இவ்வளவு என்று சாருக்குத் தருமாம். அதனால்தான் நமக்கு இலவசம்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது, கேளுங்கள். இருநூறு சொல்லையும் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டோம் அல்லவா? இப்போது அதே இருநூறையும் தப்பாக எழுதச் சொல்கிறார்கள். நேற்றுவரை பிழை என்று கோடு போட்டு அடித்ததை இன்றைக்கு எழுத வேண்டும். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் எழுதும்போது இப்படித்தான் தப்புவிட்டு எழுதுவார்களாம். கோயிங் டு என்று எழுதினால் அபராதம், அதைச் சுருக்கிக் கானா என்று எழுத வேண்டும். எய்ன்ட் என்று ஒரு சொல், எந்த இலக்கணத்திலும் கிடையாது, அதுவும் வேண்டும். ஐந்து வரிக்கு ஒரு பிழை என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் படிக்காதவர் என்று நினைப்பார்கள், குறைந்தால் மெஷின் என்று நினைப்பார்கள் என்று சார் சொல்கிறார். ஒருநாள் ஒரு பக்கம் முழுக்கச் சரியாக எழுதிவிட்டேன். சுவரோரம் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார். பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லாருக்கும் வேறு பெயரும் உண்டு. நான் லிண்டா. வயது நாற்பத்தொன்று, புருஷன் இல்லை, பூக்கடை வைத்திருக்கிறேன். மனைவியை இழந்த வயதான ஆண்களோடு பேசிப் பழக வேண்டும். பயிற்சிக்காகத்தான். என்னிடம் பேசும் ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது. தினமும் காலையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதுகிறார். அவரும் பயிற்சிக்காக யாரோ போட்ட ஆள்தான் என்று நினைக்கிறேன்.

கண் டாக்டரிடம் கட்டாயம் போங்கள்.

எழில்

*

ஆனைமலை
15.3.2025

எழில் கண்ணுக்கு,

மாசாணம். கண் தெரிகிறவரை தெரியட்டும், அதை விடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. உன் அம்மாவுக்கும் நான் சொல்லாதது.

எனக்கு இருபத்தேழு வயசு. பொள்ளாச்சிச் சந்தையில் ராமுலு என்று ஒரு மாட்டுத் தரகர். ஆள் கெட்டவர் இல்லை, அவர் வீட்டில் பல நாள் சாப்பிட்டிருக்கிறேன். விலைபோகாத மாடு வந்தால் அதை என் கையில் பிடித்துக் கொடுப்பார். "மாசாணம், இது உன்ற மாடு. ஊட்ல கஷ்டம், விக்க வந்துருக்கற. பேசாத. கேட்டா பல்ல மட்டும் தப்பாச் சொல்லு" என்பார்.

மாட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வயசு. ஆறு பல் போட்ட மாட்டை நான் எட்டுப் பல் என்பேன். வாங்க வந்தவர் வாயைப் பிளந்து பார்ப்பார், ஆறுதான் இருக்கும். அவருக்குள் ஒரு சிரிப்பு ஓடும். இவன் ஒன்றும் தெரியாதவன், இளசு மாட்டைக் கிழடு என்று விற்கிறான், சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று நினைப்பார். மேற்கொண்டு மடியைத் தொட்டுப் பார்க்கமாட்டார். ஒரு காம்பில் பால் வராது என்பதைப் பார்க்கமாட்டார். நான் கயிற்றை அவர் கையில் கொடுக்கும்போது அழ வேண்டும். அழுவேன்.

மூன்று வருஷம் செய்தேன். பதினோரு மாடு. கடைசி மாட்டை வாங்கியது உடுமலைப் பக்கம் ஒரு பொம்பளை, இடுப்பில் பிள்ளை. நான் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள். "கவலப்படாதீங்க, நான் நல்லாப் பாத்துக்கறனுங்க" என்றாள். மாட்டின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அவள் புடவை பச்சை. மறுவாரம் நான் சந்தைக்குப் போகவில்லை.

கண்ணு, தப்பைத் திருத்தச் சொல்லிக் கொடுக்கிறவன் வாத்தியார். தப்புவிடச் சொல்லிக் கொடுக்கிறவன் என்னை மாதிரி ஒரு ஆளை உண்டாக்குகிறான். எதிரில் இருக்கிறவன் உன்னை நம்பி, மேற்கொண்டு பார்க்காமல் இருப்பதற்குத்தான் அந்தத் தப்பு. உன்னோடு பேசும் அந்தக் கிழவன் பயிற்சி ஆள் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று பொய்க்கு யாரும் தினமும் எழுதமாட்டான்.

துணியை எடுத்துக்கொண்டு கிளம்பி வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குப் பயமாக இருக்கிறது.

மாசாணம்

*

கோவை
13.4.2025

அன்புள்ள அப்பிச்சிக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. இப்போதெல்லாம் எங்களுக்கு வரும் கடிதத்தையும் நாங்கள் எழுதுவதையும் சார் படித்துப் பார்த்துத் தருகிறார். எங்கள் நன்மைக்காக. நீங்கள் எழுதிய மாட்டுக் கதை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வகுப்பில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். இதைவிட நன்றாக என்னால் சொல்லிக் கொடுக்க முடியாது என்றார்.

பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாம் சாரிடம் பத்திரமாக இருக்கின்றன. மே பதினான்காம் தேதி கொச்சியில் விமானம். நானும் பிரியாவும் ஒரே விமானம். வழியனுப்ப யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாப்பாடு நன்றாக இருக்கிறது. எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு அடிக்கடி கிடைக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை அம்மாவின் நினைவு நாள், மறக்காமல் விளக்கு வையுங்கள். நம் கறுப்பு நாய் எப்படி இருக்கிறது? அதை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி நான் எழுத நேரம் இருக்காது.

எழில்

*

ஆனைமலை
17.4.2025

அமீர் ஹம்சாவுக்கு,

மாசாணம் எழுதச் சொன்னது. நீ நல்லா இருக்கிறாயா? சர்க்கரை குறைந்ததா? உன் மகன் டயர் கடை உக்கடத்திலேயேதானே இருக்கிறது? ராமுலு வாங்கிக் கொடுத்த மாடுகளை லாரியில் நீ ஏற்றிக்கொண்டு போன காலத்தில் பழகினோம். உன் மகள் கல்யாணத்துக்கு வந்ததுதான் கடைசி, பதினாறு வருஷம். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே.

என் பேத்தி எழில் கோவையில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். மே பதினாலாம் தேதி அவளைப் பிளேன் ஏற்றி அனுப்பப் போகிறார்கள். விலாசம் கீழே புவனா அம்மணி எழுதியிருக்கிறாள்.

மாட்டிக்கொண்டாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தில் கத்தரிக்காய்க் குழம்பு பிடிக்கும் என்கிறாள். கத்தரிக்காய் தின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், மூன்றாம் வகுப்பில் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தோம். அவள் அம்மா செத்தது ஐப்பசி மழையில். சித்திரையில் நினைவு நாள் என்கிறாள். எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் நாய் கிடையாது.

புவனா அம்மணி படித்துவிட்டு, "புள்ளைக்கு மண்டைல ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்று பயந்தாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு அவள் மாசியில் எழுதியது ஞாபகம் வந்தது. ஐந்து வரிக்கு ஒரு பிழை விடச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று. மூன்று பிழை விட்டிருக்கிறாள் ஹம்சா. படிக்கிறவன் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பார்த்தால் ஒரு சாதாரணக் கடிதம். எனக்கு மட்டும் தெரியும் என்று எழுதியிருக்கிறாள். இல்லாத நாயை அவிழ்த்துவிடச் சொல்கிறாள்.

போலீசுக்குப் போனேன். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு, அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அவள் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசினேன். அம்மன் தீர்ப்புச் சொல்ல நாளாகும். பிளேன் காத்திருக்காது.

ஒரு தடவை போய்ப் பார். என் பேரைச் சொல்லாதே.

மாசாணம்

*

உக்கடம், கோவை
24.4.2025

மாசாணத்துக்கு,

சலாம். சர்க்கரை இருக்கிறது, நானும் இருக்கிறேன். பதினாறு இல்லை, பதினேழு வருஷம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். உன்னிடம் அதெல்லாம் நடக்காது, பதினாறுதான்.

போனேன். கட்டடத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தேன். பிள்ளைகள் வெளியே வருவதே இல்லை. மாடி ஜன்னலுக்கெல்லாம் நீலத்தாள் ஒட்டியிருக்கிறது. டீக்கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன தடவ போன பையனோட அப்பா ஒருத்தர், மூணு வாரமா வந்து இந்த கேட்டுக்கு முன்னாடி நின்னாருங்க. பையன் பேங்காக்னு போனானாம். அங்கிருந்து ஆத்தைத் தாண்டி எங்கியோ கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். முள்வேலி, துப்பாக்கின்னு சொல்லி அழுதாரு. பொறவு வர்றதில்லீங்க."

மூன்றாம் நாள் உள்ளே போனேன். பேரனைச் சேர்க்க வந்த ஆள் மாதிரி. அந்த சென்னகிருஷ்ணன் எழுந்து நின்று வரவேற்றான். காப்பி கொடுத்தான். "பெரியவரே, நம்ம புள்ளைக ஒலகத்துல எங்க வேணா பொழைக்கும்" என்றான். கதவு திறந்திருந்தது. உள்ளே வரிசையாகப் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் தலை தூக்கவில்லை. உன் பேத்தி எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பெண்ணுக்கு அப்படியே உன் மோவாய்.

சாவு, காரியம் என்றால் மட்டும் இரண்டு நாள் வெளியே விடுவார்களாம். வாட்ச்மேன் சொன்னான். அதுவும் வீட்டு ஆளோ வேண்டியவரோ வந்து கூட்டிப் போனால். பாஸ்போர்ட் இங்கேயே இருக்கும் என்பதால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஒரு தைரியம்.

உனக்குச் சாக யாராவது இருக்கிறார்களா?

ஹம்சா

*

ஆனைமலை
30.4.2025

ஹம்சாவுக்கு,

உன் உடம்பை முதலில் பார்த்துக்கொள், இந்த வேலைக்கு நீ வேண்டும். எழிலுக்கு இருக்கிற ஒரே ஆள் நான். அதனால் நான்தான் சாக வேண்டும்.

வரும் ஞாயிறு, மே நாலு, விடியற்காலையில் நான் செத்துப்போகிறேன். திங்கட்கிழமை தேதி போட்டுப் புவனா அம்மணி கடிதம் எழுதுவாள். அதை அஞ்சலில் போட வேண்டாம், உன் கையில் வந்து சேரும். நீ காரில் போய் அதை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வா. உன் முகம் அவனுக்குத் தெரியும், என் பேத்தி அங்கே படிப்பதால்தான் உன் பேரனையும் சேர்க்க வந்தாய் என்று சொல். அவளை இங்கே கொண்டு வராதே. ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். உன் வீட்டில் வைத்துக்கொள். கார் நகரும்வரை அவளிடம் ஒரு சொல் சொல்லாதே.

பக்கத்து வீட்டுச் சின்னாத்தாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். "உசுரோட இருக்கறவனுக்கு வெளக்கு வெக்கறதா? எனக்குக் கை வராதுங்க" என்றாள். பிறகு, "எந்தப் போட்டோவுக்கு மாலை போடறது? ரேசன் கார்டுல இருக்கறதா? அதுல திருடனாட்ட இருக்கறீங்களே" என்றாள்.

மாசாணம்

(ஐயா, போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பொய்ச் சாவு எழுதப் போகிறேன். எழிலுக்குத் தெரிகிற மாதிரி நாமும் அதில் ஒரு பிழை வைத்துவிடலாம் என்று பெரியவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். - புவனா)

*

ஆனைமலை
5.5.2025

எழிலுக்கு,

புவனா எழுதுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள். உன் அப்பிச்சி நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு இறந்துவிட்டார். முந்தின ராத்திரி ராகிக் களி சாப்பிட்டிருக்கிறார். இடது முழங்காலில் எண்ணெய் தேய்த்தபடியே படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உன் அம்மாவைப் புதைத்த வேப்பமரத்துக்கு மேற்கே வைத்தோம். அவர் இடுப்பு வேட்டி மடிப்பில் நீ எழுதிய மூன்று கடிதமும் இருந்தன. எடுக்க மனம் வராமல் கூடவே வைத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காரியத்துக்கு நீ வந்தால்தான் ஆகும். முதல் பிடி மண் போடவும் உறவு இல்லாமல் போயிற்று. பெரியவர் அமீர் ஹம்சா உன் அப்பிச்சிக்குச் சிநேகிதர். அவரோடு வா.

புவனா

*

உக்கடம், கோவை
10.5.2025

அப்பிச்சிக்கு,

உயிரோடு இருக்கிற அப்பிச்சிக்கு. நலமா என்று கேட்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஹம்சா தாத்தா வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மாடி அறை. கீழே யார் கதவைத் தட்டினாலும் குளியலறைக்குள் போய்விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தை சார்தான் முதலில் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையில் கொடுத்தார். நான் படிக்கும்போது கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதில் பிழை தேடினேன் அப்பிச்சி. என் மூன்று பிழையை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று நம்பியிருந்தேன். அதனால் உங்களுடையது ஒன்று இருக்கும் என்று தேடினேன். இடது முழங்கால் என்பது சரி. வேப்பமரத்துக்கு மேற்கே என்பது சரி. நான் எழுதியது மூன்று கடிதம், சரி. மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. தரையில் கிடந்தேன். "சரி, நெசந்தான், கூட்டிட்டுப் போங்க" என்று சார் யாரிடமோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

சிங்காநல்லூர் தாண்டிய பிறகுதான் ஹம்சா தாத்தா காரை ஓரம் கட்டினார். சொன்னார். நான் அவரை அடித்துவிட்டேன். வயசான மனிதரை. மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஏன் ஒரு பிழைகூட வைக்கவில்லை?

பிரியாவை இழுத்துக்கொண்டு வர முடியவில்லை. நான் போகும்போது என் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, "காரியம் முடிஞ்சதும் வந்துருவேல்ல? தனியா பிளேன் ஏற எனக்குப் பயமா இருக்குது" என்றாள். வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

நேற்று நானே போலீசில் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள். விசாரிக்கிறோம் என்றிருக்கிறார்கள்.

எழில்

*

ஆனைமலை, பாலுசாமி தோட்டத்துச் சாளை
16.5.2025

எழில் கண்ணுக்கு,

அப்பிச்சி சொல்லி எழுதுவது. தோட்டத்துக் குடிசையில், சோளத்தட்டுப் போருக்கு நடுவில் பத்து நாளாக ஒளிந்திருக்கிறேன். மூச்சு இருக்கிறது, அரிப்பும் இருக்கிறது. நீ சாப்பிடு.

எட்டாம் தேதி இரண்டு பேர் மாலையோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு, பேத்தி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சின்னாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். "பாட்டனப் பறிகுடுத்த துக்கத்துல புள்ள எந்த ஊருக்குப் போச்சோ, நீங்கதான் தேடிக் குடுக்கோணும்" என்று அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டாளாம். அவர்கள் காலை விடுவித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அன்று ராத்திரி சோறு கொண்டுவந்தவள் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வைத்தாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பிழை வைக்கலாம் என்று புவனா அம்மணி சொன்னாள். வைத்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய். கண்டுபிடித்த பிறகு நீ அழுதிருந்தால் அது நான் சந்தையில் அழுத அழுகை. ஊரில் உள்ள சனங்களை அது ஏமாற்றும். அந்த சாரை ஏமாற்றாது, அவன் பிழைப்பே அதுதான். உன் முகத்தைத்தான் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். ராமுலு வாங்குகிறவன் முகத்தை அப்படித்தான் பார்ப்பார். அதனால் உன்னை நிஜமாகவே அழவைத்தேன். தெரிந்தே செய்தேன். அந்தப் பதினோரு மாட்டோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

நேற்று ஹம்சா புவனா அம்மணிக்குப் போன் செய்தான். புதன்கிழமை போலீஸ் போனபோது கட்டடம் பூட்டியிருந்ததாம். உன் பாஸ்போர்ட், சர்டிபிகேட் எதுவும் இல்லை. பிள்ளைகளை முந்தின நாளே வேனில் ஏற்றிவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். விமானம் போய்விட்டது. அந்தத் தாராபுரத்துப் பிள்ளையும் அதில் போய்விட்டாள்.

நீ ஹம்சாவிடம் சொல்லியனுப்பிய விலாசத்துக்கு, அவளைப் பெற்றவளுக்கு எழுதலாம் என்று இன்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். புவனா அம்மணி நாலு தாளைக் கிழித்துவிட்டாள். "என்னங்க எழுதறது, சொல்லுங்க" என்கிறாள். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்துக்கு மிட்டாய் கொடுத்திருப்பாள். கடிதத்தை அவளுக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதனால் எழுதவில்லை. நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் நானே தாராபுரம் போகிறேன். வெளியே தலை காட்டக் கூடாது என்று ஹம்சா சொல்வான், நீயும் சொல்வாய். செத்தவன் பஸ்ஸில் போகிறான் என்று பார்க்கிறவர்கள் சொல்லட்டும். அந்த அம்மாளைப் போலீசுக்கு நான் கூட்டிப் போகிறேன். பெற்றவள் போய் நின்றால் கேட்பார்கள்.

நீ கதவைப் பூட்டிக்கொண்டு அங்கேயே இரு. எனக்கு இப்போதும் பயம்தான் கண்ணு.

மாசாணம்